என் வாயால் சொல்ல இருந்த நோய்

எனக்குக் காசநோய் வந்தது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஒரு வரியை யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நான்தான் தீர்மானித்திருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இத்தாலியில், இந்தப் பலெர்மோ நீதிமன்றம் வரை போனேன். போய்வந்த களைப்பு நோயின் களைப்பைவிடக் கொஞ்சம் கூடத்தான். நோய்க்காவது குளிசை இருந்தது.

இப்போது சுகம். ஆனாலும் எங்கள் ஆட்களில் யாராவது இருமத் தொடங்கினால் என்னைத் தேடி வருகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, “உனக்கு வந்த அந்த இது…” என்று இழுக்கிறார்கள். பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. என் பெயரோடு சேர்த்து ஊரெல்லாம் சொன்ன வாய்கள்தான், தங்களுக்கென்று வந்ததும் கூசுகின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் என் கணவர் அன்ரனும் போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். அவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. நான் பொலித்தேயாமாவுக்குக் கிட்ட, தனியாக இருந்த ஒரு வயதான சினோராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிக்க வார்ப்பது, சமைப்பது, மாலையில் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவது. சினோராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான், அதனால் ஒத்துப்போனது.

இருமல் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் தொடங்கியது. தூசி என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை. உடம்பு மெலிந்தது. ஞாயிறு திருப்பலிக்குப் போனால் கோயிலில் பெண்கள், “என்னடி ஜெசிந்தா, மெலிஞ்சு நல்ல வடிவாய் வந்திட்டாய், என்ன செய்யிறனி?” என்று கேட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். படுத்து எழும்பினால் தலையணை நனைந்திருக்கும். அதற்கும் பலெர்மோ வெயிலைச் சாட்டினேன்.

ஒரு நாள் சினோராவின் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றபோது இருமல் வந்தது. வாயைத் துடைத்த துணியில் இரத்தம். அடுப்பை நிறுத்தினேன். துணியைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அன்ரன் வேலை நேரத்தில் போன் எடுக்கமாட்டார். அதனால் ஸ்ரெல்லா அக்காவைக் கூப்பிட்டேன்.

ஸ்ரெல்லா அக்கா எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. அவரும் மன்னார் பக்கம், அவ்வளவுதான். என்னைவிட வெகு காலம் முன்பே இங்கே வந்தவர். எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி அலுவலுக்கு என்னோடு வரிசையில் நின்றவர், எனக்குக் கரு கலைந்தபோது என் உடுப்புகளைத் தோய்த்தவர். அல்பெர்கேரியாவில் பல்லரோ சந்தைச் சத்தத்துக்கு மேலே ஒரு வீட்டில் தனியே இருக்கிறார். அன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஆட்டோக்காரப் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு பறந்து வந்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு சொந்தக்காரருக்கு மட்டும்தான் அனுமதி. கதவில் நின்ற ஆள் அக்காவை மறித்தான். அக்கா கண் இமைக்கவில்லை. “நான் அவளுடைய கூடப்பிறந்த சகோதரி,” என்றார் இத்தாலியனில்.

இது எங்கள் ஆட்களின் வழக்கம். சொந்தக்காரருக்கு மட்டும் திறக்கும் கதவு எதுவானாலும், அதன் முன்னால் நாங்கள் சொந்தக்காரராகிவிடுவோம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிவரவுப் பொலிஸ், எங்கேயும் அப்படித்தான். அன்ரனுக்கு இந்த ஊரில் நாலைந்து மச்சான்மார். ஒருவரும் உண்மையான மச்சான் இல்லை. உள்ளே இருந்த பதிவாளர் என்னைப் பார்த்து, “இவர் உங்கள் சகோதரியா?” என்று கேட்டாள். நான் இருமிக்கொண்டே தலையாட்டினேன். அக்கா தன் போன் நம்பரையும் கொடுத்தார். பிற்பாடு அந்தத் தலையாட்டல் எனக்கு எதிராக வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிறகு சோதனைகள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு சளியை ஒரு சின்னக் கோப்பையில் துப்பச் சொன்னார்கள். சளி வராதபோது உப்பு நீர் ஆவியைப் பிடிக்க வைத்தார்கள். நுனியில் கமரா உள்ள மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு நுரையீரலைப் பார்த்தார்கள். வலி பெரிதாக இல்லை, மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம்தான் பெரிது. காத்திருக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டு, முன்னால் நிற்பவர் கதைப்பது பின்னால் நிற்பவருக்குக் கேட்கக்கூடாது என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அந்தரங்கத்தைக் காக்கிறார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. இலங்கையில், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூலவியாதியைக்கூட ஒலிபெருக்கிபோல் கத்திக் கேட்பார்கள்.

இளம் டொக்டர் ஒருத்தி வாத்துச் சொண்டு மாதிரி முகமூடி போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். விளக்கமாகச் சொன்னாள். ஒரு கிருமி நுரையீரலில் குடியிருந்து, மெல்ல அரித்து ஒரு குழி தோண்டியிருக்கிறது. இருமும்போது காற்றில் பரவும். கோப்பையில், தட்டில், உடுப்பில் பரவாது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவுவது நின்றுவிடும். ஆனால் குளிசையை மாதக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல் போட வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கசம் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். நான் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை இழுக்கவில்லை.

“யாருக்குத் தெரியப்படுத்தலாம்?” என்று கேட்டாள்.

“கணவருக்கு மட்டும்,” என்றேன். “மற்றவர்களுக்கு நானே சொல்வேன்.”

சினோராவையும் சோதிக்க வேண்டும் என்றாள். சுகாதார அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள், நோயாளியின் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஆனாலும் அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் நல்லது என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னை நம்பி வீட்டுத் திறப்பைத் தந்த மனிசி. அவ என் வாயால்தான் கேட்க வேண்டும்.

என்னைத் தனி அறையில் போட்டார்கள். இரண்டு கதவுகள், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அறைக் காற்றை ஒரு இயந்திரம் இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். முழு நாளும் ஒரே உறுமல். யன்னலில் மொன்தே பெல்லெக்ரீனோ மலை தெரிந்தது. மேலே சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில். கொள்ளைநோயிலிருந்து இந்த ஊரைக் காத்த புனிதை. கத்தோலிக்கரும் இந்துக்களுமாக எங்கள் தமிழ்ச் சனம் முழுக்க அவவிடம்தான் ஓடும்.

நான் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு சினோராவுக்குச் சொல்லவேண்டியதைப் பாடமாக்கினேன். “சினோரா, பயப்படாதேங்கோ, முதலில் இதைக் கேளுங்கள், இது சுகமாகிற நோய்…” இத்தாலியனில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். நடுவில் இருமல் வரும். திரும்ப முதலிலிருந்து. முதல் நாள் குளிசை போட்டதும் சிறுநீர் செம்மஞ்சளாக, தோடம்பழச் சாறு மாதிரிப் போனது. நான் கத்திய கத்தலில் சிவப்புத் தலைமயிர் நர்ஸ் ஒருத்தி இரண்டு கதவையும் தாண்டி ஓடி வந்தாள். “மருந்தின் நிறம், கண்ணீர்கூட அப்படித்தான் வரும்,” என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பெண். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மற்றவர்களுக்கு நியூமோனியா என்று சொல்லுவோம் என்று நானும் அன்ரனும் தீர்மானித்தோம். அவர் கண்ணாடிக்கு அப்பால் நின்று போனில் கதைப்பார்.

“நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்.”

“ஸ்ரெல்லா அக்காவுக்கு?”

“அவவுக்கும் நியூமோனியாதான். பிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம்.”

ஆனால் ஸ்ரெல்லா அக்காவுக்கு என்னால் பொய் சொல்ல முடியாது. குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவர் எடுத்த போன் ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை. அவர் நாள் தவறாமல் கஞ்சியும் மீன் சொதியும் கொண்டுவந்து நர்ஸ் மேசையில் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வர விடமாட்டார்கள். நான் சொதியைக் குடித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுப்பேன்.

அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, வார்டுக்கே போன் எடுத்தார். “நான் ஜெசிந்தாவின் சகோதரி, அவள் என்னோடு கதைக்கிறாளில்லை, செத்துப்போனாளா?” என்று அழுதிருக்கிறார். மறுமுனையில் பேசியது சிவப்புத் தலைமயிர் நர்ஸ். “அழாதீர்கள் சினோரா. காசநோய்தான். மருந்து தொடங்கியாயிற்று, சுகமாகிவிடுவாள்,” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார். கோயில் பெண்களின் போன் குழுவில் ஒரு குரல்செய்தி போட்டார். “எங்கடை ஜெசிந்தாவுக்குக் கசம் வந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெறுங்காலோடை சாந்தா ரொசாலியாவுக்கு ஏறுவம். வரக்கூடிய ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

அந்த ஞாயிறு நான் யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாதையில் புள்ளி புள்ளியாக ஆட்கள் ஏறுவது தெரிந்தது. பாவம், யாருக்கோ நேர்த்தி என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் சினோரா போன் எடுத்தார். குழுவில் இருந்த ஒருத்தி சினோராவின் மைத்துனி வீட்டில் வேலை செய்பவள். மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் செய்தி பொலித்தேயாமாவுக்குப் போய்விட்டது.

“ஜெசிந்தா, எனக்கு நோய்ப் பயம் இல்லை,” என்றார் சினோரா. “என் வயதுக்கு எது வந்தால் என்ன? ஆனால் என் வாயில் உணவு வைத்தவள் நீ. உன் நோயை நான் என் மைத்துனியிடமிருந்தா கேட்க வேண்டும்? நீ ஒளிக்கப் பார்த்தாய்.”

“இல்லை சினோரா, நான் உங்களுக்குச் சொல்லத்தான்…”

பாடமாக்கியதெல்லாம் இருமலில் போய்விட்டது. அவர் காத்திருந்தார், பிறகு போனை வைத்துவிட்டார். அடுத்த கிழமை வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார். அவருக்குச் சோதனையில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டபோது முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஆனால் ஒளித்தவள் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அக்காவுக்கு நானே போன் எடுத்தேன்.

“ஏனக்கா சொன்னீங்கள்?”

“என்ன பிள்ளை, செபத்துக்குத்தானே சொன்னனான்! வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாமல் எப்பிடிச் செபிக்கிறது?”

“சாந்தா ரொசாலியாவுக்குத் தெரியாதோ எனக்கு என்ன வருத்தமெண்டு?”

“அவவுக்குத் தெரியும். ஏறுற சனத்துக்குத் தெரியவேணுமே! சும்மா ‘சுகமில்லை’ எண்டால் ஆரடி வெறுங்காலோடை ஏறுவினம்? என்ரை கால் ரெண்டும் கொப்புளம்.”

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் வென்றது. “இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டேன். கஞ்சி வருவது நின்றது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்து, பரவுகிற காலமும் முடிந்து, பயமில்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து தேநீர் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கண்ணாடிக் கோப்பை, எனக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. எனக்காகக் கால் கொப்புளிக்க மலை ஏறிய அதே பெண்கள். நான் அந்தத் தேநீரைக் குடித்தேன். கோப்பையைக் கசக்கி எறிந்துவிட்டு, நேரே ஒரு வழக்கறிஞரிடம் போனேன்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இங்கே அரசாங்கமே வழக்கறிஞர் வைத்துத் தரும். எனக்கு வந்தவள் வேகமாகக் கதைக்கும் ஒரு பெண். உடல்நலத் தகவல் என்பது சட்டத்தில் மிக இறுக்கமாகக் காக்கப்படுவது, நோயாளியைக் கேட்காமல் போனில் சொல்லக்கூடாது என்றாள். அந்தரங்கத் தகவல்களைக் காப்பதற்கென்றே ரோமில் ஒரு ஆணையம் இருக்கிறது. அதற்கு முறைப்பாடு எழுதினோம்.

அன்ரனுக்கு விருப்பமில்லை. “எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி என்னத்தை மூடப்போறீர்?”

“மூடுறதுக்கில்லை. என்னட்டை ஒருத்தரும் கேட்கேல்லை. அதை ஆராவது ‘பிழை’ எண்டு சொல்லவேணும்.”

“ஆர் சொல்லவேணும்?”

“ஆராவது. பெரிய ஆக்கள் ஆராவது.”

அவர் தலையில் கைவைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் வேலையில் நேரம் கேட்டுக்கொண்டு என்னோடு வந்தார். குளிசைகளை வாயில் போடும்வரை பக்கத்தில் நிற்பார். ஈரலைக் குளிசை தாக்குகிறதா என்று பார்க்க அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். ஊசி போடும்போது நான் அவர் கையைத்தான் நுள்ளுவேன்.

ஆணையத்தின் முடிவு வெகுகாலம் கழித்து வந்தது. வழக்கறிஞர் வாசித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேரும்போது அந்தப் பெண்ணைச் சகோதரி என்று நோயாளியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். சொல்லக்கூடாது என்று அவர் தடுத்ததாக ஆஸ்பத்திரிப் பதிவில் இல்லை. ஊழியர் நல்லெண்ணத்தோடு நெருங்கிய உறவினருக்குச் சொன்னார். ஆகவே மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. நான் டொக்டரிடம் வாயால் சொன்னது எங்கேயும் ஏறவில்லை. என் தலையாட்டல் ஏறியிருந்தது.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டேன்.

முடியவில்லை என்றாள். ஆணையத்தின் முடிவு சரியா பிழையா என்று நீதிபதி ஒருவர் பார்க்கலாம். அவர் வேலையைத் திருப்பித் தரமாட்டார், ஆஸ்பத்திரியை மூடமாட்டார். ஆணையம் சட்டத்தைச் சரியாகப் பார்த்ததா என்று மட்டும் பார்ப்பார். பிழை என்றால் முடிவை நீக்கிவிடுவார். அப்படியென்றால் போவோம் என்றேன். களைப்புத்தான். ஆனால் பாதி வழியில் குளிசையை நிறுத்தக்கூடாது என்று சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கிவிட்டார்கள்.

வழக்கறிஞரின் திட்டம் சுலபமானது. ஸ்ரெல்லா என் சகோதரி இல்லை என்று நிரூபித்தால் ஆணையத்தின் முடிவு காலொடிந்துவிடும். மன்னாரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் எடுப்பித்தாள். ஸ்ரெல்லா அக்காவையே சாட்சியாகவும் அழைத்தாள். “நீங்கள் ‘அவர் எனக்கு யாருமில்லை’ என்று சொல்லுங்கள். அவரும் அதையே சொல்லட்டும். போதும்.”

“வேறு வழி இல்லையா?” என்றேன்.

“இதுதான் குறுக்கு வழி சினோரா. ஏன், அவர் உங்கள் சகோதரி இல்லைத்தானே?”

இல்லைத்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். சினோராவுக்குச் சொல்லவேண்டியதைப் பாடமாக்கியதுபோல இதையும் பாடமாக்கப் பார்த்தேன். தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. இந்த முறை இருமலும் இல்லை.

நீதிமன்றமும் ஆஸ்பத்திரி மாதிரித்தான். அதே பிளாஸ்டிக் கதிரை, அதே காத்திருப்பு, அதே கோப்பி இயந்திரம் காசை விழுங்கிவிட்டு நிற்பது. நடைபாதையின் மறு கோடியில் ஸ்ரெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குக் கட்டும் சேலை, மேலே குளிர்ச்சட்டை, மடியில் பை. மெலிந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தோம்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். சாட்சி வெளியே இருக்க வேண்டுமாம். நீதிபதி வயதான பெண், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஆஸ்பத்திரி வழக்கறிஞருக்குத் தடிமன், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒருமுறை இருமிவிட்டு என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். “பரவாயில்லை, என்னால் வந்ததில்லை,” என்றேன். நீதிபதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

பிறகு கேட்டார்: “வார்டுக்குப் போன் செய்த பெண் உங்கள் சகோதரியா?”

என் வழக்கறிஞர் பேனாவோடு காத்திருந்தாள். ஒரு சொல்தான். நான் வாயைத் திறந்தேன். சொதியின் மணம் ஞாபகம் வந்தது என்று எழுதினால் நம்புவீர்களோ தெரியாது, ஆனால் அதுதான் வந்தது.

“நாங்கள் ஒரு தாய் வயிற்றில் பிறக்கவில்லை,” என்றேன். “ஆனால் இந்த ஊரில் எனக்கு அக்கா என்றால் அவர்தான்.”

என் வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வழக்கறிஞர் தடிமனையும் மறந்து நிமிர்ந்தார்.

“அப்படியானால் நர்ஸ் அவரிடம் சொன்னதில் என்ன பிழை?” என்றார் நீதிபதி.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலமும் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

“அக்கா என்றபடியால்தான் பிழை! அக்காவுக்கு நான் அல்லவா சொல்ல வேண்டும்? நான் சொல்லியிருந்தால் முதலில் சுகமாகிவிடும் என்று சொல்லியிருப்பேன். பிறகு நோயின் பெயரைச் சொல்லியிருப்பேன். பிறகு ஒருவருக்கும் சொல்லாதேங்கோ என்று சொல்லியிருப்பேன். அவர் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டார், எனக்கு அவரைத் தெரியும். நர்ஸ் நல்லவள்தான். ஆனால் ஒருவருக்கும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லையே. அவளுடைய நோயா, அவளுக்கு எப்படித் தெரியும்? நான் மயங்கிக் கிடக்கவில்லை அம்மா. இரண்டு கதவுக்கு அப்பால் கண் விழித்துத்தான் படுத்திருந்தேன். கதவைத் தட்டி, ‘அக்கா அழுகிறார், சொல்லட்டுமா?’ என்று கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.”

இத்தாலியனில் பாதி, சிசிலியனில் பாதி, எங்கேயோ தமிழும் கலந்துவிட்டது. நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு தலை நிமிராமல், “சாட்சியைக் கேட்க வேண்டிய தேவை இல்லை,” என்றார்.

வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றார். இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“என்னை ஏன் கூப்பிடேல்லை?”

“தேவையில்லையாம்.”

அவருடைய முகம் விழுந்துவிட்டது. “ஐயோ, நான் சொல்லத்தானே வந்தனான். நான் உன்ரை அக்கா இல்லை எண்டு. பங்குச் சுவாமியிட்டையும் கேட்டனான், அது பொய்ச்சத்தியம் இல்லையாம். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தனான். நான் அப்பிடிச் சொன்னால்தானே பிள்ளை நீ வெல்லுவாய்?”

அவர் தன்னுடைய பின்னேர வேலைக்கு நேரமாகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்ரன் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். நான் அழுத அழுகைக்கு அந்த இயந்திரக் கோப்பியையும் குடிக்க வைத்தார்.

தீர்ப்பு வந்தபோது என் கடைசிக் குளிசையும் முடிந்திருந்தது. வழக்கறிஞர் போனில் வாசித்தாள், வழக்கத்தைவிட மெதுவாக. ஆணையத்தின் முடிவு நீக்கப்படுகிறது. உறவு என்பது அனுமதி ஆகாது. சுயநினைவோடு இருக்கும் நோயாளியை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆணையம் முறைப்பாட்டைப் புதிதாகப் பார்க்க வேண்டும். “அதாவது திரும்பவும் காத்திருக்க வேண்டும்,” என்றாள். பெருமூச்சோடு சிரித்தோம்.

அன்ரன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். “சரி, வெண்டுபோட்டீர். உம்மடை வருத்தத்தை இனி நீர்தான் சொல்லலாம். ஆருக்குச் சொல்லப்போறீர்? இந்த ஊரிலை தெரியாத ஆள் ஒருத்தருமில்லை.”

உண்மைதான். சினோராவுக்குத் தெரியும். கோயிலுக்குத் தெரியும். மலைக்கும் தெரியும். நான் செருப்பைப் போட்டேன்.

பல்லரோவில் கடைகளை எடுத்துவைக்கிற நேரம். ஸ்ரெல்லா அக்காவின் வீட்டுப் படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை, அதைக் கவனித்தேன். கதவைத் தட்டினேன். அக்கா திறந்து, என்னைக் கண்டதும் கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றார். நான் உள்ளே போய் அவரைக் கதிரையில் இருத்தினேன். எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேணும். முதல் பயப்படாதேங்கோ. அது சுகமாகிற வருத்தம்.”

அக்காவின் கண் நிறைந்தது.

“எனக்குக் கசம் வந்தது அக்கா.”

அவர் அகப்பையை மேசையில் வைத்தார். கையைக் கன்னத்தில் வைத்தார்.

“ஐயோ என்ரை பிள்ளை,” என்றார். “எப்ப? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”